ஓவலும் பெர்லினும்: 1936ஆம் ஆண்டின் அணித் தேர்வு

வெளிநாட்டுச் சுற்றுப் பயணத்திற்கெனக் கிரிக்கெட் அணி அறிவிக்கப்படும் நாளன்று, தில்லியாயினும் மும்பையாயினும் கொல்கத்தாவாயினும், நம்மவர் இல்லங்களில் முதலில் எழும் வினா ஒன்றே: "நம்மூர்ப் பையன் யாராவது உண்டா?" இவ்வினாவைக் குறுகிய மனத்தின் வெளிப்பாடு என்று சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழ்பவர்க்கு, நாட்டின் பெயரால் அமைக்கப்படும் ஓர் அணியில் தம் ஊர்ப் பெயர் ஒன்று இடம் பெறுவது, இந்நாடு தமக்கும் உரியது என்பதற்கான சிறியதொரு சான்றாகத் தோன்றுகிறது. ஆயினும் அணியில் பெயர் இடம் பெறுவது வேறு, ஆட்டத்தில் இடம் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை 1936ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணம் உணர்த்தியது போல் வேறெந்தப் பயணமும் உணர்த்தியதில்லை எனலாம்.

அப்பயணத்திற்குச் சென்னையிலிருந்து சென்ற இருவரைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம். ஒருவர் எம். ஜே. கோபாலன். மற்றவர் சி. ராமசுவாமி. முன்னவர்க்கு வயது இருபத்தேழை எட்டிக் கொண்டிருந்தது. பின்னவரோ நாற்பதை எட்டிக் கொண்டிருந்தார். இருவருமே இரு விளையாட்டுகளில் நாட்டின் பெயரைத் தாங்கியவர்கள். கோபாலன் ஹாக்கியிலும், ராமசுவாமி டென்னிஸிலும் முன்னரே இந்தியாவுக்காக ஆடியிருந்தனர்.

இவர்கள் எத்தகைய அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதை அறிய, அக்காலத்து ஏற்பாடுகளைச் சற்று நோக்க வேண்டும். 1927ஆம் ஆண்டு தில்லி ரோஷனாரா கிளப்பில் நடைபெற்ற பேச்சு வார்த்தையின் பயனாக, அதற்கடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தோன்றிற்று. தில்லித் தமிழன்பர்கள் பலர் அக்கட்டடத்தைக் கடந்து சென்றிருப்பர். வாரியம் தோன்றியதே தவிர, அதனிடம் பொருள் இல்லை. கப்பற் கட்டணம், தங்குமிடம், பயணச் செலவு ஆகிய அனைத்திற்கும் அது சமஸ்தானாதிபதிகளின் கொடையையே நம்பி நின்றது. கொடுப்பவர் கேட்பது இயல்பு. அவர்கள் கேட்டது பெரும்பாலும் அணித் தலைமையே.

1932ஆம் ஆண்டில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆட இங்கிலாந்து சென்றபோது, தலைமை முதலில் பாட்டியாலா மகாராஜாவுக்கு அளிக்கப்பட்டது. அவர் செல்லாமற் போகவே, போர்பந்தர் மகாராஜா தலைவரானார். லிம்டி இளவரசர் துணைத் தலைவர். ஆட்டத் திறனில் தமக்குரிய இடத்தைப் போர்பந்தர் மகாராஜா நன்குணர்ந்திருந்தார் என்பது அவர்க்குப் பெருமை சேர்ப்பதாகும். லார்ட்ஸ் மைதானத்தில் ஜூன் 25ஆம் நாள் டெஸ்ட் தொடங்கியபோது அவர் ஒதுங்கி நின்றார். சி. கே. நாயுடு அணியை நடத்திச் சென்றார். முகம்மது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்து 19 ரன்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியதும், இறுதியில் இந்தியா 158 ரன்களில் தோல்வியுற்றதும் பலரும் அறிந்தவை. நாட்டுத் தலைவர்கள் சிறையில் இருந்த அவ்வாண்டில், பம்பாயைச் சேர்ந்த விஜய் மெர்ச்சண்டும் எல். பி. ஜெயும் பயணத்தையே துறந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து அடுத்த பயணம். இம்முறை தலைமை பட்டோடி நவாபுக்கு என்று முதலில் முடிவாயிற்று. இங்கிலாந்து அணிக்காகவே ஆடி நூறு ரன்கள் எடுத்தவர் அவர். தகுதியில் குறை கூற இடமில்லை. ஆனால் உடல்நிலையைக் காரணமாகக் கூறி அவர் விலகினார். எஞ்சி நின்றவர் இருவர்: நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரான சி. கே. நாயுடு ஒருவர், 'விஜ்ஜி' என்று அழைக்கப்பெற்ற விஜயநகரம் மகாராஜகுமார் மற்றொருவர். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த ஜமீனில் பிறந்து, காசியில் மாளிகை அமைத்து வாழ்ந்தவர் விஜ்ஜி. 1930-31இல் ஹாப்ஸ், சட்கிளிஃப் ஆகிய பெரும் புகழ் வாய்ந்த ஆங்கில ஆட்டக்காரர்களைத் தம் செலவில் வரவழைத்து, நாடெங்கும் அழைத்துச் சென்றவர். வாரியத்திற்குப் பெருந்தொகை வழங்கியவர். கிரிக்கெட்டின் மீது அவர் கொண்ட ஆசை மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆசைக்கும் ஆற்றலுக்கும் இடையே இருந்த தொலைவுதான் நாட்டுக்கு வினையாயிற்று. மாகாணச் சங்கங்களின் ஆதரவைத் திரட்டி விஜ்ஜி தலைமையைப் பெற்றார்.

அணியின் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்ய நல்லதொரு களம் முன்னரே அமைந்திருந்தது. 1935-36 பருவத்தில், பாட்டியாலா மகாராஜாவின் பொருளுதவியால், ஜாக் ரைடரின் தலைமையில் ஆஸ்திரேலிய அணி ஒன்று இந்தியா வந்தது. அது அதிகாரபூர்வமற்ற அணி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவர்கள் வென்றனர். லாகூரிலும் சென்னையிலும் நாம் வென்றோம். அந்நான்கு ஆட்டங்களில் மூவர் மாறி மாறித் தலைமை தாங்கினர். அம்மூவருள் விஜ்ஜி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே பருவத்தில் ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, தில்லியில் பம்பாயிடம் தோற்றது சென்னை அணி. ஆகவே சென்னையின் ஆட்டத்தைத் தேர்வுக் குழுவினர் அறியாமல் இல்லை.

கோபாலனின் வரலாறு இவ்விடத்தில் தொடங்குகிறது. செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் வளர்ந்த ஆட்டம் அவருடையது. சென்னைக் கிரிக்கெட்டுக்குப் பேருதவி புரிந்த சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் அவருடைய பந்து வீச்சைக் கண்டு வியந்து, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கு வழி செய்தார். விளையாட்டினால் வேலை, வேலையினால் விளையாட்டு என்ற அந்த வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் கோபாலன். 1934 ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த எம். சி. சி. அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் தம் முதல் டெஸ்டை ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது, ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதற் பந்தை வீசியவரும் அவரே. அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தகைய ராம்சிங், 1936இலும் சரி, பின்னரும் சரி, ஒரு டெஸ்டும் ஆடாமலேயே போனார். அவருடைய மைந்தர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிற்காலத்தில் இந்தியாவுக்காக ஆடியதே குடும்பத்திற்குக் கிடைத்த ஆறுதல்.

கோபாலன் ஹாக்கியில் நடுக்களத் தடுப்பாளர். சென்டர் ஹாஃப் என்றால் எளிதில் விளங்கும். 1935இல் தியான் சந்தின் தலைமையில் நியூஜிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய அணியில் இடம் பெற்றார். அவ்வணி 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்து, 40 கோல்களே விட்டுக் கொடுத்தது. இதனைக் கண்டவர் எவரும், அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்ஸில் இந்தியா மீண்டும் தங்கம் பெறும் என்பதை ஐயுற்றிருக்க முடியாது. கோபாலனும் ஐயுற்றிரார். ஆயினும் ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வும் இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமும் ஒரே கோடையில் வந்து மோதின. இரண்டில் ஒன்றையே ஏற்க இயலும். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

இம்முடிவைப் பிழை என்று எழுதுவது இன்று எளிது. நாம் அவ்வாறு எழுத மாட்டோம். அன்றைய நிலையில் நின்று பார்க்க வேண்டும். அவர் ஒரு டெஸ்ட் மட்டுமே ஆடியிருந்தார். முன்னால் மூன்று டெஸ்டுகள், ஒரு முழுக் கோடை, வேகப் பந்து வீச்சுக்கு இசைவான ஈரமான ஆடுகளங்கள். லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவது என்பது அக்காலத்து ஆட்டக்காரர்க்குக் காசி யாத்திரை போன்றது. மேலும், தம்மைத் தெரிவு செய்தவர்கள் தம்மைப் பயன்படுத்துவதற்காகவே தெரிவு செய்தனர் என்று ஒருவர் நம்புவதில் என்ன பிழை? வேலை மாற்ற உத்தரவை நம்பிக் குடும்பத்தோடு வடக்கே ரயிலேறிய நம்மவர் பலருக்கு இது விளங்கும். குறை அந்நம்பிக்கையில் இல்லை. பல சங்கங்களையும் பல அரண்மனைகளையும் மகிழ்விப்பதற்கென ஓர் அணி அமைக்கப்படும்போது, அதில் சில பெயர்கள் பட்டியலை நிரப்புவதற்காகவே சேர்கின்றன. தம் பெயர் எவ்வகையில் சேர்ந்தது என்பதை ஆட்டக்காரர் கப்பலேறிய பின்னரே அறிய நேர்ந்தது.

ராமசுவாமியின் நிலை வேறு. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் இளைய மகன் அவர். ஆங்கிலேயர் கழகத்தில் இந்தியர்க்கு இடமில்லாத நாளில், 1888இல் சென்னை யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தவர் புச்சிபாபு. ராமசுவாமி கேம்பிரிட்ஜில் பயின்று, 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பதாம் வயதில், அரசு உத்தியோகத்தில் இருந்த அவரைக் கிரிக்கெட் அணியில் சேர்த்தபோது முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பர். இடக்கை ஆட்டக்காரரான அவருக்கோ இழப்பதற்கு எதுவும் இல்லை.

பயண ஆயத்தம் என்று இன்று நாம் கூறும் பொருளில் எந்த ஆயத்தமும் அன்று இல்லை. பயிற்சி முகாம் இல்லை, பயிற்றுநர் இல்லை, மருத்துவர் இல்லை. பாய் விரித்த ஆடுகளங்களிலும் வெயிலில் இறுகிய தரையிலும் ஆடிப் பழகியவர்கள், மே மாதக் குளிரிலும் மழையிலும் பந்து வழுக்கிச் செல்லும் இங்கிலாந்துப் புல்தரையில் நேரே இறங்கினர். கௌண்டி அணிகளுடன் ஆடும் ஆட்டங்களே பயிற்சி. அப்பயிற்சியை ஒழுங்காக நடத்த வேண்டியவர் தலைவர். மட்டை பிடிக்கும் வரிசை நாளுக்கு நாள் மாறியது. தலைவர்க்கு இணக்கமானோர் ஒரு பக்கம், நாயுடுவை மதிப்போர் ஒரு பக்கம் என்று அணி பிளவுண்டது. நல்ல வேகப் பந்து வீச்சாளரான அமர் சிங், லங்காஷையர் லீக்கில் கோல்ன் கழகத்தின் ஊதிய ஆட்டக்காரராக இருந்தமையால், டெஸ்டுகளுக்கு மட்டும் அவரை வேண்டிப் பெற வேண்டியிருந்தது.

முதல் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு இடி விழுந்தது. எஸெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரு சதங்கள் அடித்து, அதுகாறும் 600க்கு மேற்பட்ட ரன்களும் 30க்கு மேற்பட்ட விக்கெட்டுகளும் பெற்று, அணியில் முதல்வராக விளங்கிய லாலா அமர்நாத், ஒழுங்கு மீறினார் என்று தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மட்டையும் காலுறைக் கட்டும் அணிந்து காத்திருந்த அவரை அமர்த்திவிட்டுப் பிறரை வரிசையில் முன்னே அனுப்பியதும், அதனால் அவர் சினந்து தம் தாய்மொழியில் சில சொற்கள் கூறியதும் தான் நிகழ்ந்தவை. தலைவர் விஜ்ஜியும் மேலாளர் பிரிட்டன் ஜோன்ஸும் இம்முடிவை எடுத்தனர். லார்ட்ஸில் அமர் சிங் 35 ரன்களுக்கு ஆறு விக்கெட்டுகள் வீழ்த்தி, முதல் இன்னிங்ஸில் இந்தியாவுக்கு 13 ரன் முன்னிலை தேடித் தந்தும், இரண்டாம் இன்னிங்ஸில் 93 ரன்களுக்குச் சுருண்டு நாம் தோற்றோம். அமர்நாத் அன்று கடலில் இருந்தார்.

ஜூலை 25இல் மாஞ்செஸ்டரில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கிற்று. நாற்பது வயதும் முப்பத்தேழு நாட்களும் நிரம்பிய ராமசுவாமிக்கு அதுவே முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ரன்களில் முடிய, அதில் அவர் 40 எடுத்தார். இங்கிலாந்து 571 ரன்கள் குவித்து ஆட்டத்தை விட்டுக் கொடுத்தது. 368 ரன்கள் பின்தங்கிய நிலையில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் இறங்கி, முதல் விக்கெட்டுக்கு 203 ரன்கள் சேர்த்தனர். ஜூலை 27 ஆகிய அந்த ஒரே நாளில் இரு அணிகளும் சேர்ந்து 588 ரன்கள் எடுத்தன. டெஸ்ட் வரலாற்றில் ஒரு நாளில் எடுக்கப்பட்ட ரன்களில் அதுவே மிகுதி. மெர்ச்சண்ட் 114, முஷ்டாக் அலி 112. மெர்ச்சண்டை ரன் அவுட் ஆக்கினால் தங்கக் கடிகாரம் தருவதாக விஜ்ஜி முஷ்டாக் அலியிடம் கூறினார் என்றொரு கதை உண்டு. அதன் மெய்ம்மை எதுவாயினும், அவ்வணியைப் பற்றி அத்தகைய கதை பரவியதும், அதைப் பலரும் நம்பியதும் போதுமான சான்று.

தொடக்க ஆட்டக்காரர் இருவரின் சதங்களைப் பற்றிப் பேசுவோர் அதன் பின் நடந்ததைப் பெரும்பாலும் கூறுவதில்லை. அவர்கள் சென்ற பின்னும் ஆட்டம் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது. ராமசுவாமி 60 ரன்கள் எடுத்தார். அமர் சிங் ஆட்டமிழக்காது 48. இந்தியா ஐந்து விக்கெட் இழப்பிற்கு 390. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஓவலில் ராமசுவாமி 29 ரன்களும், ஆட்டமிழக்காது 41 ரன்களும் சேர்த்தார். இரண்டு டெஸ்டுகளில் 170 ரன்கள், சராசரி 56.66. மூன்று டெஸ்டுகளிலும் ஆடிய தலைவர் எடுத்தவை மொத்தம் 33 ரன்கள். நாற்பது வயதினரைச் சேர்த்த தேர்வுக் குழுவை இங்கே நாம் பாராட்டியே ஆக வேண்டும். தற்செயலாகவேனும் ஒரு சரியான காரியம் செய்தனர்.

கோபாலனுக்கு மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. ஓவலில் பாகா ஜிலானி சேர்க்கப்பட்டார். காலை உணவு மேசையில் நாயுடுவை அவமதித்துப் பேசியதற்கு அது பரிசு என்று அணியினரிடையே ஒரு பேச்சு நிலவிற்று.

ஓவல் டெஸ்ட் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்டு 15, சனிக்கிழமை. ஹாம்மண்டும் வொர்திங்டனும் இந்தியப் பந்து வீச்சைச் சிதறடித்து 266 ரன்கள் சேர்த்த ஆட்டம் அது. பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம் முந்திய நாளே நடைபெற்றிருக்க வேண்டும். மழையால் ஒரு நாள் தள்ளிப் போய், அதுவும் ஆகஸ்டு 15ஆம் நாளே நடந்தது. இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று மூன்றாம் முறை தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 38 கோல்கள், விட்டுக் கொடுத்தது ஒன்றே. ஓர் ஆண்டுக்கு முன் தம்மோடு ஆடிய தோழர்கள் பெர்லினில் தங்கம் வென்ற வேளையில், கோபாலன் அணியின் பதினொருவரிலும் இடமின்றி இங்கிலாந்தில் இருந்தார். ஓவலில் இந்தியா ஒன்பது விக்கெட்டுகளில் தோற்றது. சி. கே. நாயுடு இரண்டாம் இன்னிங்ஸில் 81 ரன்கள் எடுத்தார். அதுவே அவருடைய இறுதி டெஸ்ட்.

தாயகம் திரும்பிய பின் விசாரணை நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமான்ட் தலைமையில் அமைந்த குழு, 1937 ஜனவரியில் அறிக்கை அளித்தது. களத்தில் ஆட்களை நிறுத்துவதோ பந்து வீச்சாளரை மாற்றுவதோ தலைவர் அறிந்திருக்கவில்லை, மட்டையாளர் வரிசையை ஒழுங்காகப் பேணவுமில்லை என்று அது கண்டது. அமர்நாத்தின் மீதான பழி நீங்கியது. ஆனால் அறிக்கையால் யாருக்கும் ஆட்டம் திரும்பக் கிடைக்கவில்லை. 1936 ஆகஸ்டுக்குப் பின் இந்தியா அடுத்த அதிகாரபூர்வ டெஸ்டை ஆடியது 1946 ஜூனில். இடையே ஒரு உலகப் போர் வந்து போயிற்று. அதற்குள் கோபாலனின் வயது முப்பத்தேழு.

அரண்மனைகளின் காலம் எவ்வாறு முடிந்தது என்பதற்கு ஒரு சிறு குறிப்பு. மாஞ்செஸ்டரில் சதமடித்த அதே விஜய் மெர்ச்சண்ட், 1971ஆம் ஆண்டு தேர்வுக் குழுத் தலைவராக அமர்ந்து, தம் தீர்மான வாக்கால் அஜித் வாடேகரைத் தலைவராக்கினார். தலைமையை இழந்தவர் மன்சூர் அலி கான் பட்டோடி. 1936இல் தலைமையை ஏற்று விலகிய பட்டோடி நவாபின் மகன். புதிய அணியின் துணைத் தலைவர், சென்னையின் எஸ். வெங்கடராகவன். மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த அத்தொடரில் இந்தியா வென்றது. வெங்கடராகவன் 22 விக்கெட்டுகளுடன் இந்தியப் பந்து வீச்சாளரில் முதல்வராக நின்றார். அவ்வாண்டு ஆகஸ்டில், அதே ஓவல் மைதானத்தில், இங்கிலாந்து மண்ணில் நம் முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. மன்னர்களின் மானியமும் பட்டங்களும் அதே ஆண்டு டிசம்பரில் சட்டத் திருத்தத்தால் நீங்கின.

ராமசுவாமி பிற்காலத்தில் தேர்வாளராகவும், 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அணியின் மேலாளராகவும் பணியாற்றினார். 1985 அக்டோபரில், எண்பத்தொன்பதாம் வயதில், அடையாற்றிலிருந்த இல்லத்தை விட்டு வெளியே சென்றவர் திரும்பவே இல்லை.

கோபாலன் பல ஆண்டுகள் சென்னை அணியின் தலைவராக ஆடிப் பின்னர்த் தேர்வாளரானார். அவர் பெயரால் 1952-53இல் தொடங்கப்பட்ட கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் பல்லாண்டுகள் மோதின. இலங்கை டெஸ்ட் அந்தஸ்து பெறுவதற்கு முன் அதன் ஆட்டக்காரர் பலர் பெரிய ஆட்டத்தைப் பழகியது அப்பந்தயத்தில்தான். 2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் அவர் காலமானபோது வயது தொண்ணூற்று நான்கு. டெஸ்ட் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே உள்ளவை, கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரே ஆட்டம், 18 ரன்கள், ஒரு விக்கெட்.